உபதேசியாரின் சிவப்பு மூடிப் பைகள்

உள்ளே விட்டது இரண்டாயிரம் மில்லி. வெளியே வந்தது ஆயிரத்து எண்ணூற்றைம்பது. செல்வதாஸ் பையைக் கொக்கித் தராசிலிருந்து கழற்றி, முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் மாட்டினார். முள் அதே இடத்தில்தான் நின்றது. காலையில் வயிற்றுக்குள் போன தண்ணீரில் நூற்றைம்பது மில்லி திரும்பி வரவில்லை. கூடவே உடம்பிலிருந்து வர வேண்டியதும் வரவில்லை.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி வைத்திருந்த அறை. முகமூடிக்குள் மேலுதடு வியர்த்தது. கதவுக்கு வெளியிலிருந்து மனைவி ஜெபகுமாரி எவ்வளவு வந்தது என்று கேட்டாள். இருநூறு கூடுதல் என்றார். நோட்டிலும் அப்படியே எழுதினார்.

சபையில் அவரைப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பார்கள். அது முழு உண்மையில்லை. அதுவரை பொய் சொல்ல அவருக்கு அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

கொட்டாரத்துக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிறிய சபைக்கு அவர் உபதேசியாராக வந்து ஒன்பது வருடமாகிறது. போதகர் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வருவார். மற்ற நாட்களில் மணியடிப்பதும், ஜெபம் நடத்துவதும், நோயாளிகளைப் பார்ப்பதும், வீடு சந்திப்பதும் உபதேசியார் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டு வீடு; ரோட்டோரம் நான்கு, சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரையில் நான்கு. தார் ரோட்டோரம் செயலாளர் தங்கையன் சார் வீட்டில் தொடங்கி, மண்பாதையில் இறங்கி, சானல்கரையில் ரசலையன் கொத்தனார் வீட்டில் முடியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஒரு தம்ளர் கடுங்காப்பி.

காப்பியை அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் சானல்கரை வீடுகளில் வாசலில் நின்றே ஜெபித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். வாரா வாரம் ஒரு மனிதனுக்கு ஒரே தெருவில் மட்டும் வயிறு சரியில்லாமல் போகாது என்பது சானல்கரைக்காரர்களுக்கு விளங்காமல் இல்லை. மூன்று குடும்பம் கோயிலுக்கு வருவதை நிறுத்தியது. செல்வதாஸ் பொறுப்பேற்ற முதல் வெள்ளிக்கிழமை ரசலையன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, கருப்பட்டி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பமும் வந்தது. அவருடைய ஊழியத்தில் அதைவிடப் பெரிய காரியம் அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. நடக்காததை அவரும் அறிவார். அதனால் அந்தத் தம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டது மூன்று வருடத்துக்கு முன்னால். நாகர்கோவிலில் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்கு வந்து மிஷினில் நான்கு மணி நேரம் படுப்பது ஒன்று. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே தினம் நான்கு முறை பைத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பது இன்னொன்று. மிஷின் என்றால் ஊழியம் அதோடு முடிந்தது; வேறு ஆளைப் போடுவார்கள், கோயிலுக்குப் பின்னாலிருக்கும் வீட்டையும் காலி செய்ய வேண்டிவரும். அவர் பையைத் தேர்ந்தெடுத்தார்.

குடலைப் போர்த்திக்கொண்டு வயிற்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வு கிடக்கிறது. ஐம்பது வருடம் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்போது அதுதான் சிறுநீரகம். பையிலிருப்பது சர்க்கரை கலந்த தண்ணீர். ரத்தத்தில் கூடிப்போன கழிவு, இல்லாத பக்கத்தைப் பார்த்துச் சவ்வைக் கடந்து தண்ணீருக்குள் வந்து சேரும். சர்க்கரை, உடம்பில் மிஞ்சிய நீரைத் தன் பக்கம் இழுக்கும். உப்பு தூவி வைத்த மாங்காய்த் துண்டு நீர் விடுவது மாதிரி என்று நர்ஸ் சுஜி முதல் நாள் சொல்லிக்கொடுத்தாள். யாரும் தள்ளுவதில்லை, யாரும் கூப்பிடுவதுமில்லை. ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு என்பதே போதுமானதாக இருக்கிறது. அது அவருக்குப் பிடித்திருந்தது. ஏவல் இல்லாமல் நடக்கும் வேலை உலகத்தில் குறைவு.

பையில் மூன்று தரம். மஞ்சள் மூடி இலேசான சர்க்கரை, பச்சை மூடி நடுத்தரம், சிவப்பு மூடி கடுமை. சிவப்பு அவசரத்துக்கு மட்டும் என்று சுஜி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முதல் வருடம் எட்டு வீட்டுக் காப்பியும் குடித்துவிட்டு வந்த ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. சிவப்பு போட்டார். எழுநூற்றைம்பது மில்லி கூடுதலாக வந்தது. கால் வற்றியது. ஒரு கதவு திறந்ததுபோல அவருக்கு அன்று தோன்றிற்று. குடித்ததை இப்படி எடுத்துவிட முடியுமென்றால் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்கு என்று தொடங்கியது ஞாயிற்றுக்கிழமைக்கும் வந்தது. பிறகு கல்யாண வீட்டுக்கு, சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு. நோட்டில் சிவப்பு என்று எழுத வேண்டிய இடங்களில் பச்சை என்று எழுதினார். தாகம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. அதை அவர் வெயிலின் கணக்கில் போட்டார்.

இப்போது பை குறைத்துத் தருகிறது. பத்து நாளாக இப்படித்தான். கட்டிலில் சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது. கணுக்காலில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்து வெகுநேரம் நிற்கிறது. ஜெபகுமாரி அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்ட அன்றைக்கே அவரை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சுஜி நோட்டைப் புரட்டினாள். பிறகு கம்ப்யூட்டரில் பை அனுப்பிய விவரத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் நோட்டு.

"அங்கிள், மூணு மாசத்துல செவப்பு நாப்பது அனுப்பியிருக்கு. நோட்டுல எட்டுதான் இருக்கு. மிச்சத்த கோயில்ல பங்கு வச்சியளா?"

ஜெபகுமாரி சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட இருநூறு, முந்நூறு எல்லாம் என்னவென்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காததுதான் செல்வதாஸுக்குப் பொறுக்கவில்லை. காப்பிக் கதையை அவராகவே சொன்னார்.

சுஜி சிரிக்கவில்லை. தாகம் எப்படி என்று கேட்டாள். கூடியிருக்கிறது என்றதும், கூடாமல் என்ன செய்யும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உப்பு வாற வாசல் வேற அங்கிள், அது மெதுவா வரும். தண்ணிக்குன்னு செல்லோட தோல்ல சின்னதா தனி வாசல் உண்டு. அதுல தண்ணியத் தவிர ஒண்ணும் நுழையாது. நீங்க செவப்பப் போட்டு இழுத்தா தண்ணி ஓடி வந்துரும், உப்பு உள்ளயே கெடக்கும். ரத்தம் உப்புக் கரிச்சா நாக்கு சும்மா இருக்குமா? நீங்க காப்பியினால செவப்பு போட்டிய. செவப்பு ஒங்கள இன்னும் குடிக்க வச்சிருக்கு."

மீதியை மருத்துவர் சொன்னார். கடுமையான சர்க்கரை வருடக்கணக்கில் பட்டுப் பட்டுச் சவ்வு மாறியிருக்கலாம். அதில் தேவையில்லாத சிறு ரத்தக்குழாய்கள் கிளைத்திருக்கலாம். அப்படியானால் பையிலிருக்கும் சர்க்கரை சீக்கிரமே ரத்தத்துக்குள் ஓடிவிடும். இழுக்க வேண்டியதே போய்விட்டால் நீர் எதற்காக வரும்? ஒரு சோதனை வைத்தார்கள். அதற்குச் சிவப்பு மூடிப் பையைத்தான் போட்டார்கள். நான்கு மணி நேரம் கழித்துக் குறைந்தது நானூறு மில்லி கூடுதலாக வர வேண்டும். வந்தது இருநூற்றைம்பது.

மிஷினுக்கு மாறுவதற்கு நாள் குறிக்கத் தயாராக இருந்தார் மருத்துவர். செல்வதாஸ் அவகாசம் கேட்டார். ஆறு வாரம் தந்தார். அந்த ஆறு வாரமும் சிவப்பைத் தொடக்கூடாது, பகலில் பையைக் குறைந்த நேரமே வயிற்றில் வைக்க வேண்டும், ராத்திரிக்கு வேறு வகை மருந்துத் தண்ணீர், உப்பு பாதி, நாளொன்றுக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து எழுநூறு மில்லி. சவ்வுக்கு ஓய்வு கொடுத்தால் சிலருக்குக் கொஞ்சம் மீளும், சிலருக்கு மீளாது. ஆறாம் வாரம் மறுபடியும் சோதனை. அதில் தேறாவிட்டால் பேச்சில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெபகுமாரி எழுநூறு மில்லியை ஒரு பாட்டிலில் அளந்து மேசையில் வைத்தாள். கஞ்சியில் எவ்வளவு, குழம்பில் எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு தம்ளர் மிஞ்சியது. எட்டு வீடு, இரண்டு தம்ளர். ஏசு ஐந்து அப்பத்தைப் பங்கிட்டார் என்று பிரசங்கம் பண்ணுவது எளிது என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியது.

முதல் வெள்ளிக்கிழமை தங்கையன் சார் வீட்டில் ஒரு தம்ளர் குடித்தார். அடுத்த வீட்டில் இன்னொன்று. மூன்றாம் வீட்டிலிருந்து மருந்து சாப்பிடுகிறேன், வேண்டாம் என்றார். அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, வற்புறுத்தவில்லை. சபைக்காரர்களுக்கு அவருடைய கிட்னிக் கோளாறு தெரியும், தண்ணீருக்கு அளவு உண்டென்பது தெரியாது. அவர் சொன்னதில்லை. சானல்கரையை நெருங்க நெருங்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஜெபத்தில் என்ன சொன்னோம் என்றே நினைவில்லாமல் ரசலையன் வீட்டில் ஆமென் சொல்லி முடித்தார். ரசலையனின் மனைவி ஜெபமணி தம்ளரோடு நின்றாள்.

இன்றைக்கு வேண்டாம் அக்கா, மருந்து சாப்பிடுகிறேன் என்றார். ரசலையன் சட்டையில்லாமல் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிமென்ட் காய்ந்திருந்தது.

"தங்கையன் சார் வீட்ல அஞ்சு மணிக்குக் குடிச்சீரு. நான் அங்கதான் மதில் பூசிட்டு நிண்ணேன், கண்டேன். கிட்னிக்கு வீடு தெரியுமா ஓய்?"

செல்வதாஸ் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். வயிற்றில் குழாய், பை, எழுநூறு மில்லி என்று எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எப்படித் தொடங்கினாலும் அது முந்தைய உபதேசியாரின் வயிற்றுவலியைப் போலத்தான் கேட்கும். ரசலையன் அவரை அதற்குமேல் நிறுத்திவைக்கவில்லை.

"செரி, போயிட்டு வாரும். நேரமாச்சு."

ஜெபமணி தம்ளரை உள்ளே கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை சானல்கரையிலிருந்து யாரும் வரவில்லை. ஆராதனை முடியுமட்டும் கடைசி இரண்டு வரிசை காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை பார்த்தவர்களிடம் விசாரித்தார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் பை மாற்றும் நேரத்தில் அவர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். அடியில் இரண்டு சிவப்பு கிடந்தது; அடுத்த முறை வண்டி வரும்போது திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாள் சுஜி. ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்கே சானல்கரைக்குப் போகலாம். நான்கு வீட்டிலும் உட்கார்ந்து குடிக்கலாம். வந்து இதைப் போட்டால் முழுவதும் வராவிட்டாலும் பாதியாவது வந்துவிடும். ஒரே ஒரு தடவையில் சவ்வு என்ன ஆகிவிடும்? ஒரே ஒரு தடவை என்று நாற்பது தடவை நினைத்தவர் அவர் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் வந்தும் பையைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

ஜெபகுமாரி கதவைத் திறந்தாள். முகமூடி போடாமல் அந்த நேரத்தில் அவள் உள்ளே வருவதில்லை. மடியிலிருந்ததைப் பார்த்தாள்.

"போடணும்னா போடுங்க. நான் தடுக்கல்ல. நோட்டுல மட்டும் உள்ளத எழுதுங்க."

அதைச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். செல்வதாஸ் நோட்டைப் பார்த்தார். சிவப்பு என்று எழுதி, எதற்காக என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ரசலையனுக்குச் சொல்ல முடியாததால். அதுதான் உண்மை. கடுங்காப்பியால் அல்ல, மூன்று வருடமாக ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலிருந்ததால். பணிவு என்று ஊர் சொன்னதில் பாதி பயம். பையைத் திரும்பப் பெட்டியில் வைத்து, மஞ்சளை எடுத்தார்.

தண்ணீர் உள்ளே இறங்கும் பத்து நிமிஷமும் அவர் ரசலையன் கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தார். கிட்னிக்கு வீடு தெரியாது. ஆனால் கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வருடமாக ரோட்டிலிருந்து சானலுக்குத்தான் நடந்திருக்கிறார். அந்த வரிசையை யாரும் போடவில்லை. முந்தைய உபதேசியாரும் அப்படித்தான் நடந்தார், அதற்கு முந்தியவரும். எல்லா வீட்டிலும் குடிக்க முடிந்தவரை எது முதல், எது கடைசி என்பது ஒரு பொருட்டாக இல்லை. இரண்டே தம்ளர் என்றான பிறகு அந்த வரிசைதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. இருக்கிறவரை முதல் வீடுகளுக்கு, தீர்ந்துபோனது கடைசி வீடுகளுக்கு. அவர் மனதில் வேற்றுமை இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். நடந்த பாதையில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வயல்வரப்பு வழியாகக் குறுக்கே நடந்து நேராகச் சானல்கரையில் இறங்கினார். ரசலையன் வேலை முடிந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். வாரும் என்று சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. செல்வதாஸ் ஜெபத்துக்கு முன்னால் சொன்னார். சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றிக் குழாயைக் காட்டினார். பையைப் பற்றி, சிவப்பு மூடியைப் பற்றி, நோட்டில் எழுதிய பொய்யைப் பற்றி, எழுநூறு மில்லியைப் பற்றி, ஆறாம் வாரச் சோதனையைப் பற்றி. போன வாரம் தங்கையன் சார் வீட்டில் குடித்தது அது முதலில் வந்த வீடு என்பதால்தான் என்றும், அது ஒரு காரணமாகாது என்று இப்போது தெரிகிறது என்றும் சொன்னார்.

ரசலையன் குழாயைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஒரு நாளைக்கே எழுநூறா? கொத்து வேலைக்காரனுக்குப் பத்து மணிக்குள்ள தீந்துரும்."

பிறகு உள்ளே பார்த்துக் காப்பி போடச் சொன்னார். செல்வதாஸ் ஒரு தம்ளர் குடித்தார். அடுத்த வீட்டில் இன்னொன்று. மண்பாதையில் ஏறி ரோட்டுக்கு வந்தபோது அவருடைய அளவில் ஒரு மிடறும் மிச்சமில்லை.

தங்கையன் சாரின் மனைவி பீங்கான் கோப்பையை நீட்டினாள். அளவு முடிந்துவிட்டது டீச்சர் என்று அங்கேயும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்து, அப்போ சானல்கரையில முடிச்சாச்சு, எங்க காப்பி ஆறினது ஆறினதுதான் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தங்கையன் சார் சிரிக்கவில்லை. வீடு சந்திப்புக்கு ஒரு முறை உண்டு, அதை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று அடுத்த கமிட்டியில் பொதுவாகச் சொல்லி வைத்தார். சோதனையில் தேறினாலும் இந்தச் சபையில் இருக்க விடுவார்களா என்ற பயமும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டது. ஆனாலும் அவர் வரிசையை மாற்றிக்கொள்ளவில்லை. பயப்படுகிறவர் ஒரு காரியத்தைத் தொடர்ந்து செய்வதைத் தைரியம் என்று சொல்லலாமா தெரியவில்லை. வேறு பெயரும் கிடைக்கவில்லை.

கோயிலில் கடைசி வரிசைக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் ஜெபமணி மட்டும். இரண்டு வாரம் கழித்து ரசலையன்.

மற்றபடி அந்த ஐந்து வாரமும் கொக்கித் தராசைப் பார்த்துத்தான் கழிந்தது. ஒருநாள் ஐம்பது கூடுதல், மறுநாள் ஒன்றுமில்லை. ஒருநாள் நூற்றிருபது வந்தபோது தராசு கெட்டுவிட்டதோ என்று அரிசிப் பொட்டலத்தை மாட்டிப் பார்த்தார். நோட்டில் உள்ளதை எழுதினார். ஜெபகுமாரி கதவுக்கு வெளியிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டு, தானே வந்து முள்ளைப் படித்தாள். தாகம் மூன்றாம் வாரத்தில் இலேசாக இறங்கியது. அவர் அதை நம்பவில்லை. இறங்குகிறது என்று நினைத்தால் திரும்பிவிடும் என்று பயந்தார்.

சோதனையன்று காலை ஏழரைக்கு நாகர்கோவிலில் இருந்தார்கள். சுஜி சிவப்பு மூடியைப் பிரித்தபோது அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீர் உள்ளே போயிற்று. உடனே ஒரு முறை அதில் கொஞ்சம் சோதனைக்கு எடுத்தாள், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை, கூடவே ரத்தம். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று உணர முயன்றார். ஒன்றும் தெரியவில்லை. தன்னுடைய உடம்பிலேயே தனக்குத் துளியும் அனுமதியில்லாத ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. கெஞ்சினாலும் ஒரு சொட்டுக் கூடாது, ஜெபித்தாலும் அந்தச் சின்ன வாசல் தண்ணீரைத் தவிர வேறெதையும் விடாது. அதற்காகவும் ஜெபித்தார்.

வடிந்த பையைச் சுஜி எடை போட்டாள். இன்னொரு முறை போட்டாள்.

முந்நூற்றெண்பது.

மருத்துவர் பழைய சோதனைக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானூறு வரவில்லை. ஆனால் இருநூற்றைம்பதிலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது. மிஷினுக்கு இப்போது வேண்டாம், இதே ஒழுங்கில் இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று ஜெபகுமாரி கேட்டாள். அதை அப்போது பார்ப்போம் என்றார்.

வடசேரியில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது நல்ல செய்தியா என்று இருவருக்கும் பிடிபடவில்லை. ஜெபகுமாரி மூன்று மாதத்தை விரல்விட்டு எண்ணி, கிறிஸ்துமஸ் அதற்குள் வந்துவிடும் என்றாள். அப்போது அவருடைய போன் அடித்தது. ரசலையன். பின்னால் கலவை மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு வந்து ஓய்?"

"முந்நூத்தி எம்பது."

"நானூறு வேணும்லா?"

"வேணும். மூணு மாசம் தந்திருக்கு."

யாரையோ தண்ணீர் குறைக்கச் சொல்லி அதட்டினார் ரசலையன்.

"அப்போ வெள்ளிக்கிழம அர தம்ளரு போரும். எங்க வீட்ல அர, கரையில மத்த மூணு வீட்லயும் அர. நாலு வீட்டுக்கு ஆச்சுல்லா. சானல்கரையில நான் சொல்லிக்கிடுகேன். மூணு மாசத்துக்குக் காப்பி இல்லன்னு ரோட்டுக்காரங்ககிட்ட நீரே சொல்லும்."

போனை வைத்துவிட்டார். செல்வதாஸ் ஜன்னலோரம் திரும்பி, ரோட்டோரத்து நான்கு வீடுகளையும் ஒவ்வொன்றாக நினைத்து, எந்த வீட்டில் முதலில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினார்.